ஹெப்படைட்டிஸ் சி சிகிச்சை: உடல் எடையும் சாப்பாடும் எங்கே முக்கியம், எங்கே இல்லை

அத்தானுக்கு ஹெப்படைட்டிஸ் சி என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் மீன் நின்றுவிட்டது.

அவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். கோயில் மண்டபத்தில் நடந்த இரத்த தான முகாமில் இரத்தம் கொடுத்திருந்தார். தானமாகக் கொடுக்கும் இரத்தத்தை இந்த வைரஸுக்கும் சோதிப்பார்கள் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில கிழமை கழித்து, வந்து பார்க்கும்படி அழைப்பு வந்தது. அக்கா அழுதாள். மாமி அழவில்லை, நேரே குசினிக்குப் போய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி மேல் தட்டில் வைத்தார். "ஈரல் வருத்தம். இனி எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, மச்சம் இல்லை." மறுநாள் காலை கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து வந்தது.

மூன்று கிழமையில் அத்தான் நாலு கிலோ இறங்கினார். கொட்டாஞ்சேனையில் பார்த்தவர்கள் எல்லாம் "வருத்தம் முற்றிவிட்டது போல" என்று அக்காவின் காதில் போட்டுவிட்டுப் போனார்கள். வைரஸ் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் மாமியின் சமையல்.

நான் வைத்தியர் இல்லை. அத்தானோடு கிளினிக்குக்குப் போய், வரிசையில் இருந்து, வைத்தியர் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தவன். எங்கே கவலைப்பட வேண்டுமோ அங்கே நாங்கள் கவலைப்படவில்லை, வேண்டாத இடத்தில் உயிரை விட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்தியம் வைரஸைத் துரத்தாது

இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஹெப்படைட்டிஸ் சி இரத்தத்தால் பரவும் வைரஸ். 1989இல் அடையாளம் கண்டார்கள். அந்த வேலைக்காக 2020இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி இன்றுவரை இல்லை. ஆனால் மாத்திரை இருக்கிறது, அதுவும் முழுமையாகக் குணப்படுத்தும் மாத்திரை. 2013 கடைசியில் சொஃபொஸ்புவிர் வந்தது. இப்போது அதை வெல்பட்டாஸ்விர் அல்லது டக்லட்டாஸ்விர் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, பெரும்பாலும் 12 கிழமை கொடுக்கிறார்கள். நூறு பேர் ஒழுங்காக எடுத்தால் 95 பேருக்கு மேல் வைரஸ் இல்லாமல் போய்விடுகிறது.

நம்மூர்ப் பத்தியம் எங்கிருந்து வந்தது? மஞ்சள் காமாலையிலிருந்து. பெரும்பாலும் அது அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ. சாப்பாடே பிடிக்காது, எண்ணெய் வாசனைக்கே குமட்டும், சில கிழமைகளில் தானாகவே ஆறிவிடும். ஆறியது பத்தியத்தால் என்று பாட்டிமார் முடிவுகட்டினார்கள். ஹெப்படைட்டிஸ் சி அப்படியில்லை. இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தழும்பாக்கும். அதற்கு உப்பில்லாக் கஞ்சி ஒரு தடையே இல்லை.

இன்னொன்று: தட்டு, குவளை, கரண்டி வேறாக வைக்க வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. சவரக் கத்தி, பல் தூரிகை, நகவெட்டி, இவற்றைத்தான் பகிரக்கூடாது. மாமி அத்தானின் தட்டைத் தனியாகக் கழுவி வைத்த அந்த மூன்று கிழமையும் அவர் சாப்பிட்டதைவிட அவமானப்பட்டதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

"குண்டானவர்களுக்கு மருந்து பிடிக்காதாமே?"

இது அத்தானின் சிநேகிதர் சொன்னது. முழுப் பொய் இல்லை, பழைய உண்மை.

முன்பு இதற்கு இன்டர்ஃபெரோன் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான் மருந்து. 24 கிழமை, சிலருக்கு 48 கிழமை. கிழமைக்கொரு ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு, பசியின்மை. அப்போது எடை மிக முக்கியமாக இருந்தது. பருமனானவர்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் குணமாகும் வாய்ப்பு குறைவு. மருந்தின் அளவையே எடை பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். ரிபாவிரினுக்கு 75 கிலோதான் கோடு: அதற்குக் கீழே நாளுக்கு 1000 மில்லிகிராம், அதற்கு மேலே 1200. ஆகவே அந்தக் காலத்தில் "முதலில் மெலிந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அதில் நியாயம் உண்டு.

இன்றைய மாத்திரைகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. 50 கிலோ ஆளுக்கும் 110 கிலோ ஆளுக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு: சொஃபொஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்பட்டாஸ்விர் 100. குணமாகும் விகிதமும் எடையால் பெரிதாக மாறுவதில்லை. எடைக் கணக்கு இன்னும் இரண்டு இடங்களில்தான் மிச்சம். ஒன்று சிறுபிள்ளைகள், அவர்களுக்கு 17 கிலோவுக்குக் கீழே ஒரு அளவு, 30 கிலோ வரை ஒரு அளவு, அதற்கு மேலே பெரியவர்களின் அளவு. மற்றது, சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பாகிப்போன நிலை) முற்றி வயிற்றில் நீர் கட்டியவர்கள் போன்றோர். அவர்களுக்கு ரிபாவிரினும் சேர்ப்பார்கள், அங்கே பழைய 75 கிலோக் கோடு திரும்பி வரும். ரிபாவிரின் இரத்தசோகையை உண்டாக்கும், கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். ஆணோ பெண்ணோ, அதை எடுப்பவர்கள் கருத்தடை பற்றி வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

எனவே மெலிவதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்தை இப்போது தொடங்குங்கள், எடையைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

தொடங்கு முன்: நான்கு எண்களும் ஒரு கேள்வியும்

அப்படியானால் எடை முக்கியமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வைரஸுக்கு இல்லை, ஈரலுக்கு. ஈரலில் கொழுப்பு ஏறினால் அது தனியாகத் தழும்பை உண்டாக்கும். வைரஸ் ஒரு பக்கம், கொழுப்பு மறுபக்கம் என்றால் தழும்பு வேகமாகக் கூடும். தெற்காசியாவில் அதிகம் காணப்படும் இந்த வைரஸின் 3ஆம் வகைக்கு ஈரலில் தானே கொழுப்பை ஏற்றும் குணமும் உண்டு.

கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிஎம்ஐ. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் பிஎம்ஐ. அத்தானுக்கு முதல் கிளினிக்கில் 84 கிலோ, உயரம் 1.68 மீட்டர், கணக்குப் போட்டால் 29.8. நம் மக்களுக்கு 23க்கு மேல் கூடுதல், 27.5க்கு மேல் பருமன் என்று எடுப்பது வழக்கம். வெள்ளையர்களுக்கான 25, 30 என்ற அட்டவணையைப் பார்த்து நிம்மதிப்பட வேண்டாம். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டர், பெண்களுக்கு 80; அதற்கு மேல் போனால் ஈரலிலும் கொழுப்பு இருக்க இடமுண்டு.

தாதி அத்தானின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "நாலு கிலோ குறைஞ்சதெண்டு சொல்றீங்க, பெல்ட் எத்தனை ஓட்டை உள்ளே போனது?" அத்தான் பெல்ட்டைப் பார்த்தார். அதே ஓட்டை. மேற்கைதான் மெலிந்து சட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. போனதில் பெரும்பங்கு கொழுப்பில்லை, தசை. மீனும் முட்டையும் நிறுத்தி, கஞ்சி மட்டும் குடித்தால் உடம்பு தன் தசையைத்தான் எடுத்துச் செலவழிக்கும்.

அடுத்து ஈரல் எவ்வளவு தழும்பாகியிருக்கிறது என்பது. இதற்கு ஃபிப்-4 என்று ஒரு எளிய கணக்கு உண்டு. வயது, ஈரல் சோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு எண்கள், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை, இந்த நான்கும் போதும். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டும் ஏஎல்டியின் வர்க்கமூலமும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 52 வயது, ஏஎஸ்டி 60, ஏஎல்டி 81, பிளேட்லெட் 200 ஆயிரம் என்றால் 3120ஐ 1800ஆல் வகுத்து 1.73 வரும். 1.45க்குக் கீழ் என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25க்கு மேல் என்றால் அதிகம். நடுவில் விழுந்தால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் போன்ற வேறு சோதனை தேவைப்படலாம். அந்த ஸ்கானுக்கு மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரல் உண்மையைவிட விறைப்பாகத் தெரியும். உடம்பு பருமன் என்றால் பெரிய முனை உள்ள கருவி வேண்டும், அது அங்கே உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எனக்கு சிரோசிஸ் இருக்கிறதா, இல்லையா?" சாப்பாட்டு விதிகள் எல்லாம் இந்தப் பதிலில்தான் இரண்டாகப் பிரிகின்றன. பதில் தெரியாமல் யார் தரும் சாப்பாட்டு அட்டவணையையும் பின்பற்ற வேண்டாம், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான். கூடவே ஹெப்படைட்டிஸ் பி சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். பி வைரஸும் உள்ளே இருந்தால், சி போனதும் அது தலைதூக்கக்கூடும்.

மருந்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

எண்ணெய்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் தவறவிட்ட இடம் இது.

அத்தானுக்கு ஒரு சிறிய சிலிசிலி பை உண்டு. மேசையில் கவிழ்த்தேன். பிரஷர் மாத்திரை, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின், கொலஸ்ட்ரோல் மாத்திரை, இரண்டு பனடோல் அட்டை, வாய்வுக்குச் சப்புகிற மாத்திரை, பாதி முடிந்த ஒமெப்பிரசோல். கடைசியைப் பற்றி யாரும் வைத்தியரிடம் சொல்லியிருக்கவில்லை. ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவே நினைக்கவில்லை! கொழும்பில் காஸ்ட்ரைட்டிஸ் இல்லாத வீடு ஏது? வீட்டுக்குப் பக்கத்து பார்மசியில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள், வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விஷயம் இதுதான். வெல்பட்டாஸ்விர், லெடிபாஸ்விர் என்ற மருந்துகள் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்பிரசோல், பன்டோபிரசோல், ஈசோமெப்பிரசோல் எல்லாம் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள். அமிலம் குறைந்தால் விலையுயர்ந்த அந்த மாத்திரையில் ஒரு பங்கு சும்மா வெளியே போய்விடும். வெல்பட்டாஸ்விரோடு இவற்றைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. கட்டாயம் வேண்டுமென்றால், ஹெப்படைட்டிஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்து, நாலு மணி நேரம் கழித்து 20 மில்லிகிராம் ஒமெப்பிரசோல் என்று ஒரு ஒழுங்கு உண்டு. அதையும் வைத்தியர் சொன்னால் மட்டும். சப்புகிற மாத்திரை, வெள்ளைத் திரவ மருந்து போன்றவற்றுக்கும் இடையில் நாலு மணி நேரம் விட வேண்டும்.

அத்தானுக்கு ஒமெப்பிரசோலை நிறுத்தியதும் முதல் கிழமை நெஞ்செரிவு வந்தது உண்மை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் முடித்தது, படுக்கு முன் வெறும் வயிற்றில் பிளேன்ரீ குடிப்பதை விட்டது, தலையணைப் பக்கக் கட்டில் காலுக்குக் கீழே இரண்டு மரக்கட்டை வைத்தது, இவற்றால் சமாளித்தார். சாப்பாடு இந்தச் சிகிச்சைக்கு நேரடியாக உதவிய இடம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வேறு சிலதையும் கவனிக்க வேண்டும். இருதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோனோடு சொஃபொஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்புக்கான கார்பமசெபின், பெனிட்டோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை ஹெப்படைட்டிஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். கொலஸ்ட்ரோல் மாத்திரைகளில் சிலதின் அளவைக் குறைக்க வேண்டும். இவை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

கீழாநெல்லியும் அந்த மேசைக்குப் போக வேண்டும். சீனி வருத்தத்துக்கு என்று குடிக்கும் கொத்தலா ஹிம்புட்டு மூலிகைத் தூள், வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய ஈரல் சுத்திகரிப்புக் குளிசை, ஜிம்மில் கொடுத்த புரத மா என்று வேறு எது இருந்தாலும் அதுவும்தான். கீழாநெல்லி இந்த வைரஸைப் போக்கும் என்பதற்குச் சான்றில்லை. ஹெப்படைட்டிஸ் மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சரியாக ஆராய்ந்தும் பார்க்கவில்லை. மாமிக்கு இதை எப்படிச் சொல்வது என்று திண்டாடினோம். வைத்தியரே சிரித்துக்கொண்டு, "அம்மா, பன்னிரண்டு கிழமை மட்டும் என் மருந்துக்கு இடம் விடுங்கோ" என்றார். மாமி அதற்குச் சரி என்றார். நாங்கள் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

இரும்புச் சத்துக் குளிசையும் விட்டமின் ஏ குளிசையும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். கூடினால் இரண்டுமே ஈரலில் தங்கும்.

மாத்திரை எப்போது, எதோடு

சொஃபொஸ்புவிர் வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரையைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், சாப்பிடாமலும் எடுக்கலாம். கடிக்காமல் விழுங்குங்கள், படு கசப்பு. கிளெகப்ரெவிர் பிப்ரென்டாஸ்விர் என்ற வேறு கூட்டு மருந்து கிடைத்தவர்கள் கட்டாயம் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். அது ஒரே நேரத்தில் மூன்று மாத்திரை. எது உங்களுடையது என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் ஒன்றைப் பிடியுங்கள். அத்தான் காலைப் பாணோடு எடுத்தார், காலண்டரில் கீறினார். ஒரு நாள் மறந்து கடையில் போய்த்தான் ஞாபகம் வந்தது. வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரைக்கு, வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே எடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததை உரிய நேரத்தில் எடுக்க வேண்டும், இரண்டாக எடுக்கக்கூடாது. விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். தலையிடி, களைப்பு, லேசான குமட்டல் சிலருக்கு வரும். அதைக் கடக்க இரண்டு கிராக்கர் பிஸ்கட்டும் இஞ்சிப் பிளேன்ரீயும் போதுமாக இருந்தது.

விரதம்? நாளுக்கு ஒரு மாத்திரை என்பதால், சிரோசிஸ் இல்லாதவர்களுக்குக் கந்தசஷ்டியோ ரமழானோ பெரிய சிக்கல் இல்லை. நோன்பு பிடிப்பவர்கள் சஹர் நேரத்திலோ இஃப்தார் நேரத்திலோ, தினமும் ஒரே வேளையில் எடுக்கலாம். சீனி வருத்தம் இருந்தால் அது வேறு கதை, கேட்டுவிட்டுத்தான்.

கொழும்பில் ஒரு தட்டு

சிரோசிஸ் இல்லை என்றால் தனிச் சாப்பாடு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நல்லது எதுவோ அதுதான். எண்ணெய் விஷமில்லை, தேங்காய்ப்பால் விஷமில்லை, மீன் விஷமே இல்லை. ஈரலில் கொழுப்பை ஏற்றுவதில் முதல் ஆள் சீனி. அடுத்தது மலைபோலக் குவித்த வெள்ளைச் சோறு.

அத்தானின் பிளேன்ரீக் கணக்கைப் போட்டோம். கடையில் மூன்று, வீட்டில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம் என்றால் நாளுக்கு 40 கிராம் சீனி, தேநீரில் மட்டும். அதோடு மத்தியானம் சோற்றுப் பார்சலோடு ஒரு நெக்டோ சோடா. மாமி ஒளித்து வைத்த எண்ணெய்ப் போத்தல் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் நிற்காது. குளிர்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள சீனி நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம். சிவப்பு என்றால் வைத்துவிட்டு வாருங்கள். தேநீரில் ஒரேயடியாகச் சீனியை நிறுத்தினால் நிலைக்காது, கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்தோம். நாலாவது கிழமை வெறும் தேநீரோடு ஒரு துண்டு கருப்பட்டி கேட்டார். கருப்பட்டியும் சீனிதான் அத்தான்.

கோப்பி குடிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நாளுக்கு இரண்டு மூன்று கப் கோப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சீனி போடாமல், கறுப்பாக. தேயிலை நாட்டில் பிறந்து இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பாதித் தட்டு மரக்கறி. அதில் ஒரு கீரை. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முருங்கையிலை வறை எது கிடைத்தாலும் நல்லது. கால் தட்டு சிவப்பரிசிச் சோறு. மிச்சக் கால் தட்டில் மீன், முட்டை, பருப்பு, கடலை, சோயா. நெத்தலி நல்லதுதான், ஆனால் கருவாடு உப்பு மூட்டை. இடியப்பம் எத்தனை என்று எண்ணிச் சாப்பிடுங்கள், சொதியில் மிதக்கும்போது எண்ணிக்கை மறந்துவிடும். காலிவீதியில் இரவு பத்து மணிக்குத் தகரம் தட்டும் சத்தம் கேட்டால் கால் தானாக நிற்கும். அந்தக் கொத்து ரொட்டி ஒன்று இரண்டு பேருக்கானது என்று நினைத்துப் பங்கிட்டால் போதும், வாழ்க்கையை வெறுக்க வேண்டாம். ரோல்ஸ், பற்றிஸ் தினசரிப் பழக்கமாக இருந்தால் கிழமைக்கு ஒரு நாளாக்குங்கள். காலிமுகத்திடலில் சுண்டல் வாங்கினால் அதுவே நல்ல மாலைச் சாப்பாடு.

பூஞ்சை பிடித்த கச்சான், பழைய செத்தல் மிளகாய் இவற்றைக் கழுவிப் பாவிக்காமல் எறிந்துவிடுங்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் ஈரல் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டும். சமைத்தாலும் முழுதாகப் போகாது.

சாராயம், பியர், கள்ளு: ஈரல் தழும்பானவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வைரஸ் இருக்கும்போதும் நிறுத்துவதே நல்லது. ஆனால் குடிக்கிறவர் என்பதால் மருந்து கிடைக்காது என்று பயந்து பொய் சொல்ல வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தாலும் சிகிச்சை கொடுக்கத்தான் வேண்டும் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு.

எடை: எவ்வளவு, எவ்வளவு வேகம்

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் ஆறும், சிலருக்குத் தழும்பும் இளகும். 84 கிலோவுக்கு இது 4, 6, 8 கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ. ஒரு மாதத்தில் பத்து என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போக வேண்டாம். பட்டினியால் அதிவேகமாக மெலிந்தால் ஈரல் நிலை மோசமாகலாம், பித்தப்பையில் கல்லும் வரலாம்.

அத்தான் ஜிம்முக்குப் போகவில்லை. பின்னேரம் கடை பூட்டியதும் பஸ் ஏறாமல் கொட்டாஞ்சேனைக்கு நடந்தார். மழை நாளில் இல்லை. அதோடு கிழமைக்கு இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தலைத் தூக்கிக் கைப்பயிற்சி. தசை திரும்ப வர அதுவும் புரதமும் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல்.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு

இங்கே மெலிவதைவிடத் தேய்வதுதான் ஆபத்து. தழும்பான ஈரலால் சக்தியைச் சேமித்து வைக்க முடியாது. ஓர் இரவு பட்டினி கிடந்தாலே உடம்பு தசையை உருக்கத் தொடங்கும். நீண்ட விரதங்கள் வேண்டாம். முருகன் கோபிக்க மாட்டார். பகலில் சிறிது சிறிதாக ஐந்தாறு தடவை சாப்பிட்டு, படுக்கு முன் கட்டாயம் ஒரு சிற்றுண்டி: குரக்கன் கஞ்சி, பாணும் முட்டையும், தயிரும் வாழைப்பழமும், ஏதாவது ஒன்று. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். புரதம் கூடினால் தலை குழம்பும் என்று பயந்து மீன், பருப்பு எல்லாவற்றையும் வெட்டியது பழைய பழக்கம், இப்போது அப்படிச் செய்வதில்லை.

வயிற்றில் நீர் கட்டியிருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும், நாளுக்கு ஒரு தேக்கரண்டி அளவான 5 கிராமுக்கு மேல் போகாமல். கருவாடு, ஊறுகாய், அப்பளம், டின் மீன், சூப்புக் கட்டி இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கும். மாமி சொன்ன மூன்றில் உப்பு ஒன்றுக்குத்தான் இப்படி ஓர் இடம் உண்டு. தராசையும் நம்ப முடியாது. நீரால் எடை ஏறும், அதே நேரம் தசை கரையும், எண் மாறாமல் நிற்கும். தினமும் காலையில் ஒரே உடுப்போடு நிறுத்து எழுதி, திடீரென்று இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள். பச்சைச் சிப்பி, அரைவேக்காட்டுக் கடலுணவு வேண்டாம். அதில் உள்ள சில கிருமிகள் இவர்களுக்கு உயிராபத்து.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள்

வைரஸ் குறையத் தொடங்கியதும் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கலாம். பழைய அளவிலேயே இன்சுலினோ, சீனியை இறக்கும் கிளிகிளசைட் மாத்திரையோ எடுத்தால் சீனி சட்டென்று இறங்கும். அத்தான் மெட்ஃபோமின் மட்டும் எடுத்ததால் அந்தப் பயம் பெரிதாக இல்லை. நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் வந்தால் உடனே சீனித் தண்ணீர் குடித்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மருந்து ஓடும் மாதங்களில் வீட்டில் அடிக்கடி சீனி பார்ப்பது நல்லது.

மாத்திரை முடிந்த பிறகு

கடைசி மாத்திரையோடு முடிவதில்லை. 12 கிழமை கழித்து, இரத்தத்தில் வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ சோதனை. அதில் வைரஸ் இல்லையென்றால் குணம். அத்தானுக்கு வைரஸ் இல்லை.

ஆனால் மூன்று மாதத்தில் அவர் மூன்று கிலோ ஏறியிருந்தார். இதுவும் பலருக்கு நடப்பதுதான். களைப்பு போகிறது, பசி வருகிறது, பயம் போன சந்தோஷத்தில் கையும் வாயும் ஓய்வதில்லை. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலும் கூடலாம். இத்தனை நாளும் வைரஸ் அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அதனால் முடிந்து சில மாதத்தில் கொலஸ்ட்ரோலும் சீனியும் ஒரு தடவை பாருங்கள். ஈரலில் கொழுப்பு இருந்தவர்களுக்கு வைரஸ் போனதும் கொழுப்பும் தானாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. சிரோசிஸ் இருந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கான் செய்ய வேண்டும். திரும்பத் தொற்றாது என்ற உத்தரவாதமும் இல்லை, ஒரு தடவை வந்தது பாதுகாப்புத் தராது.

ஆர்என்ஏ அறிக்கையைப் படியெடுத்து வையுங்கள். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கியதைத் தேடும் அன்டிபொடி சோதனை, வைரஸ் போன பிறகும் வாழ்நாள் முழுக்கப் பொசிட்டிவ் என்றே பெரும்பாலும் காட்டும். தெரியாத வைத்தியர் ஒருவர் அதைப் பார்த்துத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். இரத்தமும் இனிக் கொடுக்க முடியாது. அத்தானுக்கு அதுதான் இன்னும் ஒரு குறை. அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போன மாதம் பல் பிடுங்கப் போனபோது யாரும் கேட்காமலே அதை எடுத்துக் காட்டினாராம்.